சர்க்கரை இல்லாத பானம்தானே, பல் ஏன் தேய்கிறது?

வாசகர் கேள்வி, மார்ச் 4, மாலை 6.20

என் மகனுக்கு 15 வயது. கால்பந்து ஆடுகிறான். வாரத்தில் பெரும்பாலான நாள் பயிற்சி இருக்கும். பையில் எப்போதும் ஒரு பாட்டில் ஸ்போர்ட்ஸ் டிரிங்க். சர்க்கரை கெடுதல் என்பதால் சர்க்கரை இல்லாத வகையைத்தான் வாங்கித் தருகிறேன். போன வாரம் பல் மருத்துவர் பார்த்துவிட்டு, சொத்தை ஒன்றும் இல்லை, ஆனால் பற்கள் தேய்ந்திருக்கின்றன என்றார். இரண்டு வேளையும் ஒழுங்காகப் பல் தேய்க்கிற பையன். ரொம்ப அழுத்தித் தேய்க்கிறானோ? பிறவியிலேயே எனாமல் மெலிவோ? பானத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்காது என்றுதான் நினைக்கிறேன். அதில்தான் சர்க்கரையே இல்லையே.

மார்ச் 4, இரவு 9.40

சம்பந்தம் இருக்கிறது, நிறையவே. நான் பல் மருத்துவர். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் பதின்ம வயதினர். உங்கள் மகனின் பல்லை நான் பார்க்கவில்லை, அதனால் அவனுக்கு இன்னதுதான் என்று இங்கிருந்து சொல்ல மாட்டேன். ஆனால் "சர்க்கரை இல்லை, அதனால் பல்லுக்கு ஒன்றும் ஆகாது" என்ற கணக்கை மட்டும் இன்றைக்கே விட்டுவிடுங்கள்.

பல் கெட இரண்டு வழி உண்டு. ஒன்று சொத்தை. வாயில் இருக்கும் கிருமிகள் சர்க்கரையைத் தின்று அமிலத்தை வெளிவிடும், அந்த அமிலம் பல்லைக் குடையும். இன்னொன்று அமில அரிப்பு. இதில் கிருமிக்கு வேலையே இல்லை. குடிக்கிற பானமே அமிலம். அது நேரே எனாமல் மேல், அதாவது பல்லின் வெளி அடுக்கின் மேல், படுகிறது.

எனாமலின் எடையில் ஏறக்குறைய 96 சதவீதம் தாதுப்பொருள். உடம்பிலேயே கடினமான பொருள் அதுதான். ஆனாலும் அதைச் சுற்றியுள்ள ஈரத்தின் பி.எச். (அமிலத்தன்மையைக் காட்டும் எண், எண் குறைந்தால் அமிலம் கூடுதல்) சுமார் 5.5க்குக் கீழே இறங்கினால் கரையத் தொடங்கிவிடும். ஸ்போர்ட்ஸ் பானங்களும் எனர்ஜி பானங்களும் பெரும்பாலும் 2.7க்கும் 3.5க்கும் நடுவில் இருக்கின்றன. பி.எச். அளவில் ஒரு எண் இறங்கினால் அமிலத்தன்மை 10 மடங்கு கூடுகிறது என்று பொருள். 5.5இலிருந்து 3.5க்கு வந்தால் 100 மடங்கு. பர்மிங்காமில் உள்ள அலபாமா பல்கலைக்கழகத்தில் 379 பானங்களை அளந்து 2016இல் முடிவை வெளியிட்டார்கள். அவற்றில் 93 சதவீதம் 4க்குக் கீழே.

சர்க்கரையை எடுத்துவிட்டு வேறு இனிப்பூட்டி சேர்த்தாலும் சிட்ரிக் அமிலம் அப்படியேதான் இருக்கும். அந்தப் புளிப்புச் சுவைக்கு அது வேண்டும். ஆகவே சர்க்கரை இல்லாத பானத்தால் சொத்தை குறையும், அரிப்பு குறையாது. சொத்தை இல்லை, தேய்மானம் இருக்கிறது என்று உங்கள் மருத்துவர் சொன்னது இதோடு சரியாகப் பொருந்துகிறது.

மார்ச் 4, இரவு 10.15

அழுத்தித் தேய்ப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள், விட்டுப்போனது. பிரஷ்ஷால் வரும் தேய்மானம் ஈறை ஒட்டி, பல்லின் வெளிப்பக்கத்தில், வெட்டுக்காயம் மாதிரி இருக்கும். வலது கைக்காரர்களுக்குப் பெரும்பாலும் இடப்பக்கத்தில் கூடுதலாக இருக்கும். பானத்தால் வருவது அப்படி இருக்காது. எந்தப் பல்லில், எந்தப் பக்கம் என்று மருத்துவரிடம் கேட்டு வாருங்கள். பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

மார்ச் 5, காலை

அரிப்பு எப்படித் தெரியும் என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். தொடக்கத்தில் வலி இருக்காது. அதுதான் இதில் சங்கடம். பல் பார்க்க அழகாகக்கூட இருக்கும். மேற்பரப்பில் இயல்பாக இருக்கும் மெல்லிய வரிகள் மறைந்து, வழவழப்பாக, பளபளவென்று ஆகிவிடும். பெற்றோர் இதைப் பார்த்துவிட்டுப் பல் சுத்தமாக இருக்கிறது என்று சந்தோஷப்படுவார்கள்.

அடுத்தது முன்பல்லின் நுனி. வெளிச்சத்தில் பார்த்தால் கண்ணாடி போல ஒளி ஊடுருவும். அப்புறம் சின்னச் சின்னதாக விளிம்பு உடையும். கடைவாய்ப் பல்லின் மேடுகளில், குறிப்பாகக் கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப் பல்லில், குட்டிக் குட்டிக் குழிகள் விழும். ஏற்கெனவே சிமெண்ட் அடைத்த பல் இருந்தால் சுற்றியுள்ள பல் கரைந்து, அடைத்த இடம் மட்டும் மேடாகத் துருத்தி நிற்கும். இதைப் பார்த்துவிட்டால் எனக்குச் சந்தேகமே வராது. கடைசியில் மஞ்சள் நிறம். எனாமல் மெலிந்து, அதற்கு உள்ளே இருக்கும் டென்டின் என்ற மஞ்சள் அடுக்கு தெரிகிறது என்று அர்த்தம். கூச்சம் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் தொடங்கும்.

என்னிடம் ஒரு பெண் வந்தாள், நெடுந்தூர ஓட்டக்காரி, 17 வயது. குளிர்ந்த தண்ணீர் பல்லில் பட்டால் தாங்க முடியவில்லை என்று வந்தாள். கீழ்க் கடைவாய்ப் பற்கள் இரண்டிலும் மேடுகள் இருக்க வேண்டிய இடத்தில் பள்ளங்கள். என்ன சாப்பிடுகிறாய், என்ன குடிக்கிறாய் என்று மூன்று நாளுக்கு எழுதி வரச் சொன்னேன். அழகாக எழுதி வந்தாள். அதில் ஸ்போர்ட்ஸ் டிரிங்க் இல்லவே இல்லை. பையிலிருந்து பாட்டில் எட்டிப் பார்க்கிறது. "இது என்னம்மா?" என்றேன். "இது பயிற்சிக்கு, டாக்டர்" என்றாள். பொய் சொல்லவில்லை, அந்தப் பிள்ளை அப்படித்தான் நினைத்திருக்கிறது. காலணி, காலுறை மாதிரி அதுவும் ஒரு விளையாட்டுச் சாமான். சாப்பாட்டுக் கணக்கில் வராது. அன்றிலிருந்து நான் "என்ன குடிக்கிறாய்" என்று கேட்பதோடு நிறுத்துவதில்லை. "பையில் என்ன பாட்டில் இருக்கிறது" என்றும் கேட்கிறேன்.

மார்ச் 5, மாலை

ஒரு விஷயம் இதோடு சேர வேண்டும். மேல் முன்பற்களின் உள்பக்கம், அதாவது நாக்குப் படும் பக்கம் மட்டும் கரைந்திருந்தால், பானத்தை விட வயிற்று அமிலத்தைத்தான் முதலில் நினைக்க வேண்டும். நெஞ்செரிச்சல், அடிக்கடி ஏப்பத்தோடு புளிப்பு மேலே வருவது, அடிக்கடி வாந்தி. கடுமையான பயிற்சியின்போது சிலருக்கு வயிற்று அமிலம் மேலே ஏறுவதும் உண்டு. எடைக் கட்டுப்பாடு உள்ள விளையாட்டுகளில் இருக்கும் பிள்ளைகள் சில சமயம் வேண்டுமென்றே வாந்தி எடுப்பார்கள். பெற்றோர் அதைக் கோபமில்லாமல் கேட்க வேண்டும், மருத்துவ உதவியும் வேண்டும். எல்லாப் பழியையும் பாட்டில் மேல் போட்டுவிட்டு இதைத் தவறவிடக் கூடாது.

மார்ச் 7

"என் பெண்ணும் அதே பானம்தான் குடிக்கிறாள், அவளுக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நல்ல கேள்வி. எவ்வளவு குடிக்கிறோம் என்பதை விட எப்படி, எப்போது குடிக்கிறோம் என்பதில்தான் பெரும்பகுதி இருக்கிறது. இந்த இழையில் நான் சொல்லும் மற்ற எல்லாம் மறந்துபோனாலும் இது ஞாபகம் இருக்கட்டும்.

பல்லுக்குக் காவல் உமிழ்நீர். அதில் பைகார்பனேட் இருக்கிறது, அமிலத்தைச் சமன்செய்யும். கால்சியமும் பாஸ்பேட்டும் இருக்கின்றன, லேசாகக் கரைந்த எனாமலை மறுபடி இறுக வைக்கும். பல்லின் மேல் ஒரு மெல்லிய படலத்தையும் அது பூசி வைக்கிறது. ஒரு வாய் அமிலம் குடித்தால் உமிழ்நீர் சில நிமிடங்களில் அதைக் கழுவிச் சரிசெய்துவிடும். பானத்தில் சர்க்கரையும் இருந்தால் கிருமிகள் வேறு சேர்ந்துகொள்ளும். சர்க்கரைக்குப் பிறகு பல்மேல் படிந்த அழுக்கில் பி.எச். சில நிமிடங்களில் சரிந்து, பழைய நிலைக்கு வர அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் எடுக்கிறது என்று 1940களில் ஸ்டீபன் என்ற ஆய்வாளர் அளந்து காட்டினார். இன்றும் அந்த வளைகோட்டை அவர் பெயரால்தான் சொல்கிறோம்.

இப்போது மைதானத்தை நினைத்துப் பாருங்கள். பிள்ளை ஓடுகிறான், வாயால் மூச்சு விடுகிறான், வியர்வையில் உடம்பு நீரை இழக்கிறது. உமிழ்நீர் குறைந்து, கெட்டியாகி, வாய் ஒட்டிக்கொள்கிறது. காவல் மிகக் குறைவாக இருக்கும் அந்த நேரத்தில்தான் அமிலம் உள்ளே போகிறது. அதுவும் ஒரேயடியாகப் போவதில்லை. இங்கே ஒரு வாய், ஐந்து நிமிடம் கழித்து ஒரு வாய், இடைவேளையில் இரண்டு வாய். பாட்டில் மூடியே அப்படி உறிஞ்சிக் குடிக்கத் தோதாகத்தான் செய்யப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு வாய்க்கும் பி.எச். மறுபடி கீழே இறங்கும். ஒன்றரை மணி நேரப் பயிற்சி என்றால் ஒன்றரை மணி நேரமும் பல் அமிலத்தில் ஊறுகிறது. அதே பாட்டிலை சாப்பாட்டோடு ஐந்து நிமிடத்தில் குடித்து முடிக்கும் பெண்ணுக்கு இந்த ஊறல் இல்லை.

பிள்ளைகளில் சிலர் பானத்தை வாயில் வைத்துக் கொப்பளித்து விழுங்குவார்கள், வாய் காய்ந்திருப்பதால் அது இதமாக இருக்கும். மவுத்கார்டு போட்டுக்கொண்டே குடிப்பவர்களும் உண்டு. கார்டுக்கும் பல்லுக்கும் நடுவில் பானம் தேங்கும், உமிழ்நீர் அங்கே எட்டாது. ஹாக்கி, குத்துச்சண்டை, ரக்பி ஆடுகிற பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதைக் கட்டாயம் சொல்லி வையுங்கள். கார்டு போட்டிருக்கும்போது தண்ணீர் மட்டும்.

மார்ச் 7, இரவு

2012 லண்டன் ஒலிம்பிக்கில் பல் மருத்துவப் பிரிவுக்கு வந்த 302 வீரர்களைப் பரிசோதித்தார்கள். 55 சதவீதத்தினருக்குச் சொத்தை, 45 சதவீதத்தினருக்கு அமில அரிப்பு. 18 சதவீதம் பேர் பல், ஈறு நிலைமையால் தங்கள் பயிற்சியோ ஆட்டமோ பாதிக்கப்பட்டதாகச் சொன்னார்கள். உலகத்திலேயே உடம்பைக் கவனமாகப் பார்த்துக்கொள்பவர்கள் இவர்கள். பல் மருத்துவரைத் தேடி வந்தவர்கள் என்பதால் எண்ணிக்கை சற்றுக் கூடுதலாக இருக்கலாம், அதைக் கழித்தாலும் எனக்கு இது மனசை உறுத்துகிறது.

மார்ச் 8

ஸ்போர்ட்ஸ் டிரிங்கும் எனர்ஜி டிரிங்கும் ஒன்றா, எது மோசம் என்று கேள்வி வந்திருக்கிறது.

ஒன்றில்லை. ஸ்போர்ட்ஸ் டிரிங்க் என்பது தண்ணீர், உப்புகள், சர்க்கரை. வியர்வையில் போனதை ஈடுகட்டுவது அதன் வேலை. எனர்ஜி டிரிங்க் என்பது காஃபீன், டாரின், நிறைய சர்க்கரை. தூக்கத்தை விரட்டுவது அதன் வேலை. பல்லைப் பொறுத்தவரை இரண்டிலும் சிட்ரிக் அமிலம் இருக்கிறது, ஆனால் எனர்ஜி டிரிங்க்கில் பொதுவாகக் கூடுதல்.

தெற்கு இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவத் துறையில் 13 ஸ்போர்ட்ஸ் பானங்களையும் 9 எனர்ஜி பானங்களையும் எடுத்துச் சோதித்து 2012இல் வெளியிட்டார்கள். எனாமல் துண்டுகளைப் பானத்தில் 15 நிமிடம், பிறகு செயற்கை உமிழ்நீரில் 2 மணி நேரம், இப்படி நாளுக்கு நான்கு முறை, ஐந்து நாள். எனர்ஜி பானங்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு சேதம் செய்தன.

பி.எச். எண்ணை மட்டும் பார்த்து இது புரியாது. இரண்டு பானங்களுக்கும் ஒரே பி.எச். இருக்கலாம். ஆனால் ஒன்றை உமிழ்நீர் சீக்கிரம் சமன்செய்துவிடும், இன்னொன்றுக்கு நேரம் பிடிக்கும். அந்தக் கையிருப்பு அமிலத்தின் அளவுதான் முக்கியம். சிட்ரிக் அமிலத்திடம் இன்னொரு குணமும் இருக்கிறது. அது கால்சியத்தைப் பிடித்து இழுத்துக்கொள்ளும். பல்லிலிருந்தும் எடுக்கும், உமிழ்நீரில் இருப்பதையும் கட்டிவைத்துவிடும். வெறும் சோடாத் தண்ணீரிலும் அமிலம் உண்டு, ஆனால் அது வலுவில்லாத கார்பானிக் அமிலம். பல்லுக்கு அதனால் வரும் ஆபத்து மிகக் குறைவு.

சர்க்கரை அளவு: 250 மி.லி. ரெட்புல் டின்னில் 27 கிராம். 473 மி.லி. மான்ஸ்டர் டின்னில் 54 கிராம். ஒரு நாளின் மொத்தச் சக்தியில் 10 சதவீதத்துக்குள், முடிந்தால் 5 சதவீதத்துக்குள் சேர்ப்புச் சர்க்கரை இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த 5 சதவீதம் என்பது பெரியவர் ஒருவருக்குச் சுமார் 25 கிராம். சின்ன டின் ஒன்றே அதைத் தாண்டிவிடுகிறது.

மைதானத்தை விட எனக்குக் கவலை தருவது இரவுதான். பரீட்சைக்குப் படிப்பு, இல்லாவிட்டால் கணினி விளையாட்டு. டின் மேசையில் இருக்கும், இரண்டு மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பார்கள். அப்படியே பல் தேய்க்காமல் படுத்துவிடுவார்கள். தூக்கத்தில் உமிழ்நீர் ஏறக்குறைய நின்றுபோகும். கடைசி வாய் பானத்தைக் கழுவ ஆளே இல்லை. சொத்தை, அரிப்பு இரண்டும் ஒரே வாயில் சேர்ந்து வரும் பிள்ளைகளிடம் நான் அடிக்கடி கேட்கும் கதை இது.

மார்ச் 10

"ஆய்வுக்கூடத்தில் பல்லைப் பானத்தில் ஊறப்போட்டால் கரையத்தான் செய்யும். வாய் ஆய்வுக்கூடமா?" என்று ஒருவர் கோபமாகவே எழுதியிருக்கிறார். இரண்டு நாள் இதை யோசித்தேன். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

2002இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரில் 304 பல்கலைக்கழக விளையாட்டு வீரர்களைப் பரிசோதித்தார்கள். மூன்றில் ஒருவருக்கு மேல், அதாவது 36.5 சதவீதம் பேருக்கு, அரிப்பு இருந்தது. ஆனால் ஸ்போர்ட்ஸ் டிரிங்க் குடிப்பதற்கும் அரிப்புக்கும் தொடர்பு எதுவும் தெரியவில்லை. இதை மறைத்துவிட்டு மற்ற ஆய்வை மட்டும் சொல்வது நேர்மையாகாது.

நான் இதை எப்படிப் புரிந்துகொள்கிறேன் என்றால், நாளுக்கு எத்தனை பாட்டில் என்று மட்டும் கேட்டால் விஷயம் பிடிபடாது. ஒரே அளவு குடிக்கிற இரண்டு பேரில் ஒருவர் மடமடவென்று விழுங்குபவர், ஒருவர் உறிஞ்சுபவர். ஒருவருக்கு உமிழ்நீர் தாராளம், ஒருவருக்குக் குறைவு. பழச்சாறு, கோலா என்று வேறு அமிலங்களும் இருக்கும். இவ்வளவும் கலந்த இடத்தில் ஒரு பானத்தை மட்டும் தனியே பிரித்துக் குற்றம் சாட்டுவது கடினம். அதற்காக வேதியியல் பொய்யாகிவிடாது. என் நாற்காலியில் நான் பார்ப்பதும் இதுதான்: குடிக்கிற எல்லாருக்கும் வருவதில்லை. யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்லவும் வழியில்லை. வந்தபிறகு போன எனாமல் திரும்ப வளராது, ஏனென்றால் அதை உண்டாக்கிய செல்கள் பல் முளைக்கும்போதே அழிந்துவிடுகின்றன. லேசாக மிருதுவான இடம் இறுகலாம். கரைந்து போனது போனதுதான்.

எல்லாருக்கும் வராது என்ற காரணத்துக்காக எந்தப் பிள்ளையின் பல்லையும் வைத்துச் சோதித்துப் பார்க்க எனக்கு மனமில்லை.

மார்ச் 10, சற்று நேரம் கழித்து

வயது ஏன் முக்கியம் என்பதையும் எழுத வேண்டும். இரண்டாம் கடைவாய்ப் பல் சுமார் 12 வயதில் முளைக்கிறது. முளைத்த புதிதில் எனாமல் முழுசாக இறுகியிருக்காது. உமிழ்நீரிலிருந்து தாதுக்களை வாங்கி மெல்ல மெல்லத்தான் முதிரும். அதே வயதில்தான் பிள்ளை கையில் சொந்தமாகக் காசு வருகிறது, பானத்தைத் தானே வாங்கத் தொடங்குகிறான்.

மார்ச் 11

குடித்தவுடன் பல் தேய்க்கலாமா? நீண்ட நாளாக நாங்கள் சொல்லி வந்தது, அரை மணியாவது பொறுங்கள் என்பதுதான். அமிலம் பட்ட எனாமலின் மேல் தோல் மிருதுவாக இருக்கும், அந்த நேரத்தில் பிரஷ் போட்டால் அது வழித்துக்கொண்டு போகும் என்பது காரணம். பொறுப்பதால் பெரிய வித்தியாசம் இல்லை என்று சொல்லும் மருத்துவர்களும் இப்போது இருக்கிறார்கள். எனக்கு இதில் இரண்டு மனம். அவசரமில்லை என்றால் பொறுங்கள், தண்ணீர் விட்டுக் கொப்பளியுங்கள். ஆனால் "பொறுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு இரவு தேய்க்காமலே தூங்கிவிடுகிற பையனுக்கு நான் இந்த விதியைச் சொல்லவே மாட்டேன். அவன் உடனே தேய்க்கட்டும். ஃபுளோரைடு உள்ள பற்பசை பல்லில் படுவதுதான் அதைவிடப் பெரிய விஷயம்.

மார்ச் 14

கொஞ்சம் பின்னால் போகலாம். இந்தப் பானம் யாருக்காக வந்தது என்று தெரிந்தால் யாருக்கு வேண்டாம் என்பதும் தெரியும்.

1965இல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் ராபர்ட் கேட் என்ற மருத்துவரும் அவருடைய குழுவும் கேட்டரேட் என்ற ஸ்போர்ட்ஸ் டிரிங்க்கைத் தயாரித்தார்கள். பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து வீரர்கள் கடும் வெயிலில், கனத்த கவச உடையில் ஆடிக் களைத்து விழுந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்காகச் செய்தது. அந்தத் தேவை உண்மையானது, அந்த மருத்துவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் வாரம் மூன்று மாலை ஒரு மணி நேரம் பந்தாடும் 13 வயதுப் பிள்ளைக்கு அந்தத் தேவை இல்லை. தண்ணீர் போதும், பிறகு வழக்கமான சாப்பாடு போதும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2011இல் இதையேதான் சொன்னது: ஸ்போர்ட்ஸ் டிரிங்க் பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தேவையில்லை, எனர்ஜி டிரிங்க் பிள்ளைகளுக்கு ஆகவே ஆகாது.

தெற்கு வேல்ஸில் 12 முதல் 14 வயதுள்ள 160 பிள்ளைகளிடம் கார்டிஃப் பல்கலைக்கழகத்தார் கேட்டு 2016இல் வெளியிட்டதில், 89 சதவீதம் பேர் ஸ்போர்ட்ஸ் டிரிங்க் குடிப்பவர்கள். அதில் பாதிப் பேர் விளையாட்டோடு சம்பந்தமே இல்லாமல் நண்பர்களோடு பொழுதுபோக்காகக் குடிக்கிறார்கள். இது பிள்ளைகள் குற்றம் இல்லை. இனிப்பாக இருக்கிறது, எளிதாகக் கிடைக்கிறது, பிடித்த வீரர் கையில் இருக்கிறது. அவர்கள் வேறு என்ன நினைப்பார்கள்?

எனர்ஜி டிரிங்க் விஷயத்தில் சில நாடுகள் சட்டமே போட்டுவிட்டன. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு விற்கக் கூடாது என்று லிதுவேனியா 2014இலும், லாட்வியா 2016இலும், போலந்து 2024 தொடக்கத்திலும் தடை கொண்டுவந்தன. காஃபீன்தான் அங்கே முக்கியக் காரணம், பல் இல்லை. பிள்ளைகளுக்கு ஒரு நாளில் உடல் எடையில் கிலோவுக்கு 3 மி.கி. காஃபீன் வரை பரவாயில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் கணக்குச் சொன்னது. 50 கிலோ பையனுக்கு 150 மி.கி. மேலே சொன்ன பெரிய டின் ஒன்றில் 160 மி.கி. இருக்கிறது. இதெல்லாம் என் துறை இல்லை, ஆனால் தூக்கம் கெட்ட பிள்ளை காலையில் பல் தேய்க்கக்கூட எழுந்திருக்க மாட்டான் என்பது என் துறைக்குள் வந்துவிடுகிறது.

மார்ச் 15

அப்படியானால் என்ன செய்வது என்று எல்லாரும் கேட்கிறீர்கள்.

பயிற்சிக்குத் தண்ணீர். இதை முதலில் பிள்ளையோடு பேசி ஒத்துக்கொள்ள வையுங்கள். பாட்டிலைப் பிடுங்கினால் வெளியே வாங்கிக் குடிப்பான், உங்களுக்குத் தெரியவும் தெரியாது. நீண்ட போட்டி, கடும் வெயில், ஒரே நாளில் இரண்டு ஆட்டம் என்று நிஜமாகவே தேவைப்படும் நாளும் உண்டு. அன்றைக்குக் குடிக்கட்டும். ஆனால் குளிர்ச்சியாக, வாயில் வைத்திருக்காமல், ஒரே தடவையில் குடித்து முடித்து, உடனே ஒரு வாய் தண்ணீர் குடிக்கட்டும். குளிர்ந்திருந்தால் அமிலம் சற்று மெதுவாக வேலை செய்யும். ஸ்டிரா வைத்தால் முன்பல்லுக்கு நல்லது, அதுவும் ஸ்டிராவின் நுனி பல்லுக்கு முன்னால் இல்லாமல் நாக்குக்குப் பின்பக்கமாக இருந்தால்தான். பயிற்சி முடிந்ததும் சர்க்கரை இல்லாத சூயிங்கம் மென்றால் உமிழ்நீர் ஊறும். பால், பாலாடைக்கட்டி போன்றவை கால்சியம் தரும், பாலின் பி.எச். 6.7 அளவில் இருப்பதால் அரிக்காது.

வீட்டிலேயே பழச்சாறும் உப்பும் கலந்து கொடுத்தால் தேவலையா என்று ஒரு தாய் கேட்டிருந்தார். சாயமும் பதப்படுத்தும் பொருளும் இருக்காது, சரி. ஆனால் பழத்திலும் அதே சிட்ரிக் அமிலம்தான். பல்லுக்கு வித்தியாசம் தெரியாது.

கால்சியம் சேர்த்த, அமிலம் குறைத்த ஸ்போர்ட்ஸ் பானங்களைச் செய்து பார்த்திருக்கிறார்கள். பானத்திலேயே கால்சியம் போதுமான அளவு இருந்தால் பல்லிலிருந்து கரைவது நன்றாகவே குறைகிறது. அப்படி இருந்தும் அது ஏன் எல்லாப் பாட்டிலிலும் வரவில்லை என்பது எனக்கு ஆறாத கேள்வி.

மார்ச் 16

போட்டி ஓட்டக்காரர் ஒருவர் எழுதுகிறார்: சர்க்கரைத் தண்ணீரை விழுங்காமல் கொப்பளித்துத் துப்பினாலே வேகம் கூடுகிறது, பயிற்சியாளர் அப்படிச் செய்யச் சொல்கிறார், பல்லுக்கு என்ன ஆகும் என்று. இது உண்மைதான். வாயில் சர்க்கரை பட்டதுமே மூளை உற்சாகப்படுகிறது என்று 2004இலிருந்தே சைக்கிள் வீரர்களை வைத்து ஆராய்ந்திருக்கிறார்கள். ஆனால் அதற்கு ஸ்போர்ட்ஸ் டிரிங்க்கைப் பயன்படுத்த வேண்டாம். கொப்பளிப்பதால் ஒவ்வொரு பல்லிலும், எல்லா இடுக்கிலும் அமிலம் படும். அமிலம் சேர்க்காத, சுவையில்லாத மால்டோடெக்ஸ்ட்ரின் (மாவுச்சத்திலிருந்து எடுக்கும் ஒரு மாவு) கரைசலிலேயே அந்தப் பலன் தெரிந்தது. அது போதும், அப்புறம் தண்ணீரால் வாயைக் கழுவிவிடுங்கள். போட்டி நாளில் மட்டும் செய்யுங்கள், தினப் பயிற்சியில் வேண்டாம்.

மார்ச் 22

கேள்வி கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார். குழிகள் கீழ் முதல் கடைவாய்ப் பற்களின் மேட்டிலாம், முன்பல் நுனியும் கொஞ்சம் ஒளி ஊடுருவுகிறதாம். உள்பக்கம் நன்றாக இருக்கிறதாம், நெஞ்செரிச்சலும் கிடையாதாம். அப்படியானால் பானத்தின் மேல் என் சந்தேகம் இன்னும் உறுதியாகிறது. பையன் இனிமேல் தண்ணீர் எடுத்துப் போகச் சம்மதித்துவிட்டான் என்று எழுதியிருக்கிறார். ரொம்ப சந்தோஷம். அவனைத் திட்டவில்லை என்று எழுதியிருந்தீர்களே, அதற்குத் தனியாக நன்றி.

குழியை இப்போதே அடைக்க வேண்டுமா என்பது அவருடைய புதிய கேள்வி. கூச்சம் இல்லை, டென்டின் பெரிதாகத் தெரியவில்லை என்றால் நானாக இருந்தால் பொறுப்பேன். காரணம் நின்றுவிட்டால் அரிப்பு பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும், 15 வயதில் பல்லை அடைக்கத் தொடங்கினால் வாழ்நாள் முழுக்க அதை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கூச்சம் வந்தாலோ, குழி ஆழமானாலோ, பல்நிறப் பசையை அந்த இடத்தில் மட்டும் ஒட்டிவிடலாம், பல்லை அதிகம் குடைய வேண்டியதில்லை. மருத்துவரிடம் ஃபுளோரைடு வார்னிஷ் பூசச் சொல்லுங்கள். வீட்டுக்கு, ஸ்டானஸ் ஃபுளோரைடு உள்ள பற்பசை கிடைத்தால் அது. அரிப்புக்கு அது கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். தேய்த்தபிறகு நுரையைத் துப்பினால் போதும், தண்ணீர் விட்டு வாயை அலச வேண்டாம்.

இன்னொன்று, இதை விட்டுவிடாதீர்கள். இப்போதே பல்லைப் படமோ ஸ்கேனோ எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அரிப்பு நின்றதா, இன்னும் நடக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துச் சொல்ல முடியாது, பழையதோடு ஒப்பிட்டால்தான் தெரியும். ஆறு மாதம் கழித்து அதே கோணத்தில் இன்னொன்று எடுத்து, கீழ்க் கடைவாய்ப் பல்லின் அந்தக் குழிகளின் விளிம்பு மாறியிருக்கிறதா என்று கேட்டுவந்து எழுதுங்கள்.